வாப்பாட கார்



ரெண்டு வாரமாக எங்கே போனாலும் ஒரே கேள்வி. பள்ளிக்கூட கேட்டில் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாமார் கேட்கிறார்கள். மரக்கறிக் கடை நானா தராசை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். "டீச்சர், வாப்பாட காரை கொழும்பு ஆளுக்கு விக்கப் போறீங்களாமே?" இன்னொரு பக்கம், "தம்பி அத வெட்டி ஹொண்டா எஞ்சின் போடப் போறாராமே?" ரெண்டும் பாதி உண்மை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். தேத்தண்ணி ஒன்றை ஊத்தி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

புதிதாக ஊருக்கு வந்தவர்களுக்காக: அது 1966ஆம் ஆண்டு ஒஸ்டின் மினி கூப்பர் எஸ். சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை, ஸ்ரீ நம்பர். ஹட்டனில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் "பாஸ்ட சின்னக் கார்" என்றால் போதும். தோட்டத்துத் துரை ஒருவர் கொண்டுவந்தது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து, 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்த பிறகு, இருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் போய்விட்டார்கள். கார் அந்தத் தோட்டத்து டீமேக்கர் ஐயாவின் கைக்கு வந்தது. வாப்பா அப்போது கராஜில் ஸ்பெனர் எடுத்துக் கொடுக்கும் பொடியன். அது சேர்விசுக்கு வரும் நாளில் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போக மாட்டாராம். 1987இல் டீமேக்கர் ஐயா ஓய்வுபெற்றபோது, சீட்டுக் காசையும் உம்மாவின் ரெண்டு காப்பையும் சேர்த்து அதை வாங்கினார். காப்புக் கதையை உம்மா இன்றைக்கும் விடவில்லை.

வெளியில் பார்த்தால் சாதாரண மினிதான். பேட்ஜ் வாங்கி ஒட்டி 'கூப்பர் எஸ்' ஆன கார்கள் உலகத்தில் நிறைய, உண்மையான எஸ் கொஞ்சம். "பேட்ஜைப் பார்க்காத, ஹெட்டைப் பார்" என்பார் வாப்பா. சாதாரண மினியின் ஹெட்டில் 9 இடத்தில் இறுக்கியிருக்கும். எஸ்ஸில் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று கூட இருக்கும், மொத்தம் 11. நான் ஆறாம் வகுப்பில் டோர்ச் பிடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறேன். கணக்கு டீச்சர் ஆனதற்கு அதுதான் தொடக்கமோ தெரியாது. முதலில் வந்த மினி 848 சீசீ, 34 குதிரைவலு. எங்கள் எஸ் 1275 சீசீ, 76 குதிரைவலு. உடம்பு அதே சின்ன உடம்பு, சில்லு அதே 10 அங்குலம்.

வாப்பா 2023இல் மௌத்தானார். அதன் பிறகு கார் கராஜின் பின்பக்கம் தார்ப்பாயின் கீழ் நின்றது. தம்பிதான் இப்போது கராஜை நடத்துகிறார்.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார் சேர்ப்பவர், மரியாதையான மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இந்த நாட்டில் பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்று உங்களுக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்துவிட்டாலும், இந்த மாதிரிக் காரைப் புதிதாக யாரும் கொண்டுவரப் போவதில்லை. அவர் சொன்ன தொகையை இங்கே எழுத மாட்டேன். எங்கள் வீட்டுக் கூரையும் தம்பியின் லீசிங்கும் ஒரே நாளில் முடிந்துவிடும், அவ்வளவு சொன்னால் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கார் 'ஸ்டொக்' ஆக வேண்டும். ஃபெக்டரியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி. மண்டியிட்டு டோர்ச் அடித்து, ஒரு பட்டியல் எழுதினார். ரெண்டு காபரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. தண்ணீர் நிரப்பின ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் இறப்பர் இருக்கிறது. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் வேறு. "பாஸ் நல்லா வேலை செஞ்சிருக்கார், ஆனா ஒரிஜினல் இல்லையே" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையைக் கழித்தார். எனக்கு அது வாப்பாவின் விடைத்தாளைச் சிவப்புப் பேனையால் திருத்துவது போல் இருந்தது. நானும் தினம் செய்கிற வேலைதான். அன்றைக்குத்தான் அது எப்படி வலிக்கும் என்று தெரிந்தது.

தம்பிக்கோ வேறு கனவு. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடக்குமே, 1934இல் தொடங்கினது, தேயிலைக்கு நடுவே ஒடுங்கின ரோட்டில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஏற்றுவார்கள். சின்ன வயதில் வாப்பா எங்கள் ரெண்டு பேரையும் வருஷா வருஷம் கூட்டிப்போவார். அதில் தான் ஓட வேண்டும், அதுவும் இந்தக் காரில். முன்னால் உள்ளதையெல்லாம் கழற்றிவிட்டு, ஹொண்டா 1600 சீசீ வீடெக் எஞ்சின் போட்டால் 160 குதிரைவலு கிடைக்குமாம். எழுநூறு கிலோ அளவு பாரமுள்ள காருக்கு 160. ஆனால் அந்த எஞ்சின் நம் மினியின் மூக்குக்குள் சும்மா போகாது. முன் சப்-ஃபிரேமை மாற்ற வேண்டும், உள் தகட்டை வெட்ட வேண்டும், மூக்கை நீட்ட வேண்டும். வெட்டினால் திரும்பப் பழைய மூக்கு வராது. காரின் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் போய்விடும்.

"வாப்பாட காரை வெட்டப் போறியா?" என்று கேட்டேன்.

"ராத்தா, கூப்பர் எண்டதே மொடிஃபை பண்ணின கார்தானே" என்றான்.

உண்மையில் எனக்குப் பதில் இல்லை. ஏனென்றால் அவன் சொன்னது சரி. மினியின் கதை பெற்றோல் இல்லாமல் தொடங்கினது. 1956 சுயஸ் நெருக்கடியில் இங்கிலாந்தில் பெற்றோலுக்குக் கூப்பன் வந்தது. குறைந்த பெற்றோலில் நாலு பேர் போகக்கூடிய சின்னக் கார் வேண்டும் என்று அலெக் இசிகோனிஸிடம் சொன்னார்கள். அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்பெட்டியை அதன் அடியில் ஒயில் தொட்டிக்குள்ளேயே போட்டு, நாலு சில்லையும் நாலு மூலைக்குத் தள்ளி, 1959இல் காரை வெளியே விட்டார். ஏழை எளியவர்கள் போய்வரத்தான் அவர் அதைச் செய்தார், ரேஸ் ஓட இல்லை. ரேஸ் கார் செய்கிற ஜோன் கூப்பர் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, பெரிய எஞ்சினும் முன்னுக்கு டிஸ்க் பிரேக்கும் போட வைத்தார். 1961இல் கூப்பர் வந்தது, 1963இல் எஸ் வந்தது. ஆக, இன்றைக்குக் கோடிக்கணக்கில் காசு கொடுத்து 'ஸ்டொக்' ஆக வைத்திருக்கச் சொல்லும் கார், பிறக்கும்போதே ஒருவர் செய்த காரை இன்னொருவர் மாற்றினது.

2022இல் ஹட்டன் பெற்றோல் ஷெட்டில் அந்தக் காரோடு வாப்பா லைனில் நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எஸ்ஸுக்கு ரெண்டு டாங்க், ஒவ்வொன்றும் 25 லீற்றர். கியூஆர் கோட்டாவில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். "வெள்ளைக்காரன் ரெண்டு டாங்க் வச்சான், கோட்டா ஒண்டையும் நிரப்புதில்ல" என்று லைனில் நின்றவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார்.

ஸ்டொக் என்பதில் வெள்ளைக்காரர்களே எவ்வளவு சண்டை பிடித்தார்கள் என்பதற்கு ஒரு கதை. மொண்டி கார்லோ ரெலியில் மினி 1964இலும் 1965இலும் வென்றது. 1966இல் முதல் மூன்று இடமும் மினிக்குத்தான். பிறகு மூன்றையும் வெளியே போட்டார்கள். காரணம் எஞ்சினும் இல்லை, சில்லும் இல்லை, முன் லைட். விற்கிற காரில் உள்ள பல்புக்குப் பதிலாக வேறு பல்பு போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி, சித்ரோயன் ஒன்றுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் மினி மறுபடி வந்து வென்றது. எங்கள் கார் அந்த 1966ஆம் ஆண்டுப் பிள்ளை என்பதால் வாப்பா இதை நூறு தரம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தரமும் பல்பு என்ற இடத்தில் குரலை உயர்த்துவார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இது: கொழும்பு மனிதர் காரை 1966க்குக் கொண்டுபோகப் பார்க்கிறார், தம்பி 2026க்குக் கொண்டுபோகப் பார்க்கிறான், ரெண்டிலும் நடுவே வாப்பா கை வைத்த அத்தனை வருஷமும் காணாமல் போகிறது. உம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். உம்மா ஒன்றும் பேசாமல் தலையணைக்கடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தந்தார். "பின்னுக்குள்ள தகரக் கொட்டிலைத் திறந்து பாருங்க ரெண்டு பேரும். உங்கட வாப்பா ஒண்டையும் வெட்டல்ல. கழட்டினார்."

கொட்டிலுக்குள் பிஸ்கட் டின்கள். அரிசிச் சாக்குகள். ஒவ்வொன்றிலும் கயிற்றில் கட்டின சின்ன மட்டை, அதில் வாப்பாவின் எழுத்து. ரெண்டு எஸ்யூ காபரேட்டரும் கிறீஸ் பூசி, தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் சுற்றி, பிள்ளை போலப் படுத்திருந்தன. மூலையில் பழைய சப்-ஃபிரேம். அதோடு ஒரு சீ.ஆர். கொப்பி. நாங்கள் பள்ளியில் பாவிக்கிற அதே நீளக் கொப்பி.

அந்தக் கொப்பியைத்தான் அன்று இரவு ரெண்டு பேரும் வாசித்தோம். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதி எல்லாம் கட்டுப்பாட்டில் இருந்த காலம் இங்கே பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாணுக்கு வரிசை நின்ற நாட்டில் காபரேட்டருக்கு ஊசி எங்கே கிடைக்கும்? ரெண்டு காபரேட்டரையும் ஒன்றுக்கொன்று சரிபார்த்து வைக்க முடியாமல் போனபோது, மொறிஸ் ஒன்றிலிருந்து எடுத்த ஒற்றைக் காபரேட்டரைப் போட்டிருக்கிறார்கள். மொறிஸ் மைனரின் எஞ்சினும் மினியின் எஞ்சினும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பம், அதனால் சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுப்பது போலக் கொடுத்து வாங்கலாம். ஹைட்ரோலாஸ்டிக் கசிந்தபோது அதை மறுபடி அமுக்கி நிரப்புகிற பம்ப் இந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. நொறுங்கின பழைய மினி ஒன்றின் சப்-ஃபிரேமை இறப்பர் கோனோடு சேர்த்து அப்படியே மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வாப்பா ஒரு காரணம் எழுதியிருக்கிறார். சில இடத்தில் 'சாமான் இல்லை'. சில இடத்தில் 'காசு இல்லை'. கணக்குக் கொப்பியில் நான் பிள்ளைகளிடம் கேட்பதும் அதுதானே, விடையை மட்டும் எழுதாதே, செய்முறையைக் காட்டு.

1996 பக்கத்தில் ஒரே ஒரு வேலை. அதற்கு மட்டும் காரணம் எழுதப்படவில்லை. எழுத வேண்டியும் இருக்கவில்லை, எனக்குத் தெரியும். நான் அந்தக் காருக்குள் இருந்தேன்.

எனக்கு ஏழு வயது. தம்பி கைப்பிள்ளை, உம்மாவின் மடியில். கொழும்புக்குப் போகிறோம், கினிகத்தேனை தாண்டி இறக்கம், மழை விட்ட நேரம். வளைவுக்கு முன்னால் வாப்பா பிரேக்கை மிதித்தார், கால் அப்படியே தட்டுக்குப் போனது. அந்தக் காலத்து மினியில் நாலு சில்லுக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து எல்லாச் சில்லுக்கும் குழாய். எந்த மூலையில் எந்தக் குழாய் உடைந்தாலும் நாலு சில்லிலும் பிரேக் இல்லை. எங்களுக்குப் பின் சில்லுக்குப் போகிற குழாய் துருப்பிடித்து விட்டுவிட்டது. வாப்பா கத்தவில்லை. மூன்று, ரெண்டு என்று கியரை இறக்கினார், எஞ்சின் அலறினது, ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே இடது பக்கத்தை மண் மேட்டில் உரசிக்கொண்டு போனார். கார் கானுக்குள் சரிந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வலது பக்கத்தில் என்ன இருந்தது என்று அந்த ரோட்டில் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாப்பா இறங்கி ரோட்டோரத்தில் குந்தி, நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போய், பின்னால் வந்த மினிகளில் உள்ள ரெட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரைத் தேடி வாங்கி வந்தார். அதில் ஒரு லைன் விட்டாலும் மற்ற லைன் பிடிக்கும். நாலு குழாயும் புதிது. கொழும்பு மனிதரின் பட்டியலில் கடைசி வரி அதுதான். 'பிரேக், ஒரிஜினல் அல்ல.'

அவரைக் குறை சொல்லவில்லை. அவர் அந்தக் காரை லொறியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார், கினிகத்தேனையில் இறக்க மாட்டார். அவருக்கு ஒற்றை லைன் போதும். மலைநாட்டில் இருக்கிற எங்களுக்குப் போதாது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு ரோட்டில், கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வந்த பஸ் வேனிலும் திரீவீலரிலும் மோதி ஏழு உயிர் போனதை இந்த ஊர் மறந்திருக்காது. அதிலிருந்து இறக்கம் என்ற சொல்லே எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

ஒரு பக்கக் கதையாக இதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் துரை பங்களாவை 'அப்படியே பழைய மாதிரி' வைத்திருந்தால் வெளிநாட்டுக்காரர் ஓர் இரவுக்கு எவ்வளவோ கொடுத்துத் தங்குகிறார்கள். அதே காலத்தில் கட்டின லயன் அறையும் அப்படியே பழைய மாதிரிதான் இருக்கிறது. அதை யாரும் பாராட்டிப் படம் எடுத்துப் போடுவதில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் அங்கிருந்துதான் வருகிறார்கள். எதை மாற்றாமல் வைத்திருப்பது பெருமை, எதை மாற்றாமல் வைத்திருப்பது அநியாயம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று எனக்குச் சில நேரம் கோபம் வருகிறது. சரி, காருக்கு வருவோம்.

பங்குக் கணக்கு வேறு இருந்தது. ஷரீஅத் படி 24 பங்காகப் பிரித்தால் உம்மாவுக்கு 3, தம்பிக்கு 14, எனக்கு 7. பங்கு வேண்டுமென்றால் விற்றுத்தான் ஆக வேண்டும். "என்ட 7 பங்குல பிரேக் வருமா?" என்று தம்பியிடம் கேட்டேன். ரெண்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

முடிவு இப்படி வந்தது. ஹொண்டா எஞ்சின் இந்தக் காருக்கு இல்லை. அதற்கு டிக்கோயாப் பக்கத்தில் எஞ்சின் இல்லாமல் கிடக்கிற ஒரு வெறும் மினி உடம்பைத் தம்பி பார்த்து வைத்திருக்கிறான், அதை அவன் இஷ்டத்துக்கு வெட்டட்டும். வாப்பாட காருக்கு ரெண்டு எஸ்யூ காபரேட்டரும் திரும்பப் போகிறது. கொழும்பு மனிதரும் அதைத்தான் கேட்டார், தம்பிக்கும் அதில் கூட வேகம் கிடைக்கிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே விடை. இறப்பர் சஸ்பென்ஷன் இருக்கட்டும். பிரேக்கில் யாரும் கை வைக்கக் கூடாது, அது என் 7 பங்கு.

வரும் ஏப்ரலில் மாகஸ்தோட்டையில் தம்பி இதே காரில் 76 குதிரைவலுவோடு ஏறுவான். ஜெயிக்க மாட்டான் என்று அவனுக்கே தெரியும். அதற்காக உள்ளே இரும்புக் கூண்டு போட வேண்டும், கூண்டைப் பொருத்தத் தரைத் தகட்டில் ஓட்டை போட வேண்டும். கழற்றலாம், வெட்டக் கூடாது என்று ரெண்டு நாளாகச் சட்டம் பேசின நானே ட்ரில் மெஷினுக்குத் தலையாட்டினேன். கார் புரண்டால் உள்ளே இருக்கப் போவது தம்பி. உம்மா ஓட்டை போடுகிற சத்தத்தைக் கேட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். எந்த இடத்தில் எத்தனை ஓட்டை என்று கொப்பியில் எழுதி, காரணத்தையும் எழுதினேன். வாப்பாவின் எழுத்துக்குக் கீழே என் எழுத்து வர எனக்குக் கை கொஞ்சம் நடுங்கினது.

நஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கூரை இந்த மழைக்கும் ஒழுகும், பாத்திரம் வைக்கிற இடம் எங்களுக்குப் பழகிவிட்டது. லீசிங் இன்னும் பதினொரு மாதம். கொழும்பு மனிதருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கொப்பியை ஒருநாள் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே ஊர் மக்களே, கார் விற்பனைக்கு இல்லை, வெட்டவும் போவதில்லை. இனிக் கேட்காதீர்கள். மாறாக ஓர் உதவி. ரெண்டு எஸ்யூ காபரேட்டரில் ஒன்றின் ஜெட் தேய்ந்து போயிருக்கிறது. ஒன்றேகால் அங்குல எச்.எஸ்.2 சைஸ். மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கத்துப் பழைய கராஜ்களில், இல்லாவிட்டால் உங்கள் வாப்பாமார், அப்பாமார் விட்டுப்போன டின்களில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் இன்பொக்ஸில் ஒரு படம் போடுங்கள். காசு தருவோம். பேரம் பேசுவது தம்பி இல்லை, நான்.